பழைய வண்ணாரப்பேட்டை டூ திருவொற்றியூர்: டென்ஷன் இல்லாமல் வீடு மாற வழி சொல்லுங்க

வண்ணைவாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர் இடித்துவிட்டு ஃபிளாட் கட்டப்போகிறாராம். காலி செய்யச் சொல்லிவிட்டார். சண்டை சச்சரவு எதுவும் இல்லை, தன்மையாகத்தான் சொன்னார். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் முதல் மாடியில் ஒரு வீடு பார்த்து டோக்கன் கொடுத்தாகிவிட்டது.

நான், கணவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், மாமியார். ஆடி பிறப்பதற்குள் போய்விட வேண்டும் என்பது மாமியாரின் உத்தரவு. இந்த வீட்டுப் படிக்கட்டு ஓர் ஆள் இறங்கினால் எதிரே இன்னொரு ஆள் ஏற முடியாது. இதில் இரும்பு பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர். கணவர் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் கம்பெனியைக் கூப்பிடலாம் என்கிறார். மாமியார் நம்ம தெரு மீன்பாடி வண்டிக்காரரே (மோட்டார் வைத்த மூன்று சக்கர வண்டி) போதும் என்கிறார். நான் ராத்திரியில் தூங்காமல் சாமான்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன். புது வீட்டில் அட்வான்ஸ் முழுவதையும் வைத்தால்தான் சாவி; பழைய வீட்டுக்காரர் காலி செய்த பிறகுதான் அட்வான்ஸ் தருவார். இந்த இடைவெளியை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

சமீபத்தில் இந்தப் பக்கம் வீடு மாறியவர்கள் சொல்லுங்கள்.

டோல்கேட்_தம்பி

அக்கா, மீன்பாடி வண்டி என்றால் அதற்கு முன்னால் காசிமேட்டில் என்ன ஏற்றினார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வேண்டவே வேண்டாம். மெத்தை, தலையணை எல்லாம் வஞ்சிரம் வாசனையோடு புதுமனை புகும்.

லோடு_அண்ணன்

தம்பி சிரிக்கிறார், ஆனால் விஷயம் இருக்கிறது. வண்டி எதுவாக இருந்தாலும் முதலில் தார்ப்பாய் விரியுங்கள். மெத்தையை பழைய புடவையில் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

நான் ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் ரொம்ப நாளாக லோடு வேலை பார்ப்பவன், அதனால் சொல்கிறேன். உங்கள் சந்து எனக்குத் தெரியாது, ஆனால் அந்த மாதிரி சந்துகள் தெரியும். குட்டி யானை (சின்ன சரக்கு வண்டி) சந்து முனையோடு நின்றுவிடும். 407 லாரி என்றால் நினைத்தே பார்க்காதீர்கள், உயரமாக ஏற்றினால் மேலே தொங்கும் கேபிள் வயர் எல்லாம் கூடவே வரும். ஆகவே கூலி பேசும்போது எத்தனையாவது மாடி என்று மட்டும் சொல்லாதீர்கள். வாசலில் இருந்து வண்டி நிற்கும் இடம் வரைக்கும் எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லுங்கள். முடிந்தால் மேஸ்திரியை முந்தின நாளே கூட்டிவந்து காட்டிவிடுங்கள். பாதி சண்டை இங்கேதான் வருகிறது: "ரெண்டாவது மாடின்னு சொன்னீங்க, சந்து இவ்ளோ நீளம்னு சொல்லல." ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்து ஒரே தொகையா, தனித்தனியா என்பதையும் அப்போதே பேசி முடித்துவிட வேண்டும்.

அடுத்து பீரோ. அந்தப் படிக்கட்டில் இரும்பு பீரோ இறங்கும். ஏறியிருக்கிறது அல்லவா, இறங்காமல் எங்கே போகும். காலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். "உள்ள கொஞ்சம் புடவைதான் இருக்குப்பா" என்று சொல்வார்கள். பட்டுப்புடவை அடுக்கின் கனம் தூக்குகிறவனுக்குத்தான் தெரியும். உள்ளே இருக்கிற தட்டுகளைக் கழற்றித் தனியாகக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் திருப்பத்தில் சாய்க்கும்போது உள்ளே சரிந்து கதவை நெளித்துவிடும். சாவியைப் பூட்டிலேயே விட்டுவிடாதீர்கள். சுவரில் இடித்தால் சாவி பூட்டுக்குள் முறிந்துவிடும், பிறகு பூட்டுக்காரனைத் தேடி அலைய வேண்டும். பூட்டி, சாவியை எடுத்து, கதவின் குறுக்கே கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். கண்ணாடி வைத்த பீரோ என்றால் கண்ணாடிமேல் போர்வையை மடித்து வைத்துக் கட்டுங்கள்.

இன்னொன்று. புது வீட்டில் பீரோவை வைத்ததும் கதவு சரியாகச் சேராது, பூட்டு விழாது. உடனே "எங்கயோ போட்டு உடைச்சிட்டீங்க" என்று எங்கள்மேல் பாய்வார்கள். உடைந்திருக்காது. தரை சமமாக இருக்காது, பீரோ லேசாகக் கோணி நிற்கும். முன்பக்கம் எந்தக் கால் இறங்கியிருக்கிறதோ அதற்குக் கீழே அட்டையை மடித்து வைத்தால் பூட்டு தானாக விழும்.

மணலி_எக்ஸ்பிரஸ்

கணவர் சொல்வதைக் கேளுங்கள் என்பேன். பேக்கர்ஸ் ஆட்கள் அட்டைப்பெட்டி, பபிள் ஷீட் எல்லாம் அவர்களே கொண்டுவருவார்கள். பாத்திரம் கட்டி, ஏற்றி, இறக்கி, கட்டிலைப் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பணம் அதிகம்தான். ஆனால் வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் அதுதான் நிம்மதி.

லோடு_அண்ணன்

தப்பில்லை. ஆனால் போனில் படத்தை மட்டும் பார்த்து ரேட் சொல்கிற கம்பெனியை நம்பாதீர்கள். இந்தச் சந்தைப் பார்த்ததும் "எக்ஸ்ட்ரா" என்பார்கள். சாமான் பாதி வண்டியில் இருக்கும்போது நீங்கள் என்ன பேரம் பேச முடியும்? நேரில் வந்து பார்த்து, சாமான் பட்டியல் எழுதி, தொகையையும் எழுதிக் கொடுக்கிறவர்களாகப் பாருங்கள். மீன்பாடி வண்டியில் சந்துக்குள் வாசல் வரைக்கும் வரலாம், அது வசதி. ஆனால் மோட்டார் வைத்த அந்த வண்டிக்குப் பதிவு எண்ணும் கிடையாது, இன்ஷூரன்ஸும் கிடையாது. சாமான் விழுந்தால் விழுந்ததுதான். சந்தில் இருந்து மெயின் ரோடு வரைக்கும் மீன்பாடி, அங்கிருந்து குட்டி யானை. நாங்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்வோம்.

கணக்குப்பிள்ளை

எல்லோரும் பீரோவைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். தொடங்கியவர் கடைசியில் எழுதியிருக்கிறாரே, அட்வான்ஸ் விஷயம், தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். சாமான் ஒரே நாளில் போய்விடும். பணம்தான் வராமல் இழுக்கும்.

நம் ஊரில் வீட்டுக்காரர்கள் அட்வான்ஸை ஏன் உடனே தருவதில்லை? எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்பதால் இல்லை. வாங்கிய அன்றே அந்தப் பணம் செலவாகியிருக்கும். பெண் கல்யாணம், மாடிக்கு ஷீட் போட்டது, எதற்கோ போயிருக்கும். அடுத்து வருகிறவர் தரும் அட்வான்ஸை வாங்கித்தான் போகிறவருக்குக் கொடுப்பார்கள். இது ஒரு சுழற்சி. உங்கள் விஷயத்தில் சிக்கல் என்னவென்றால், வீட்டை இடிக்கப்போகிறார், அடுத்த வாடகைதாரர் வரப்போவதே இல்லை. அப்படியானால் உங்கள் பணம் எங்கிருந்து வரும்? பில்டர் கொடுக்கும் முன்பணத்தில் இருந்தா, அவர் கையில் இருந்தா? இதை இன்றைக்கே நேரில் கேளுங்கள். காலி செய்கிற அன்று கேட்டால் "அடுத்த வாரம் பார்க்கலாம்மா" என்பதுதான் பதிலாக வரும்.

ஆனால் உங்கள் கையில் ஒரு துருப்பும் இருக்கிறது. நீங்களாகக் காலி செய்யவில்லை, அவர்தான் செய்யச் சொல்கிறார். அவருக்கு வீடு குறிப்பிட்ட தேதிக்குக் காலியாக வேண்டும். ஆகவே தயங்காமல் கேட்கலாம்: "சார், பாதி அட்வான்ஸை இப்போது கொடுத்தால்தான் அங்கே சாவி வாங்க முடியும், நீங்கள் சொல்லும் தேதிக்கு நாங்கள் கிளம்ப முடியும்." ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மிச்சம் இருக்கிற மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த வாடகைப் பணமாவது கையில் நிற்கும்.

முக்கியமான இன்னொன்று, வெள்ளையடிப்புச் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. இடிக்கப்போகிற வீட்டுக்கு எதற்கு வெள்ளையடிக்க வேண்டும்? கணக்குப் பார்க்கும்போது பழக்கதோஷத்தில் பிடித்துவிடுவார்கள். இப்போதே பேசி, "பிடித்தம் இல்லை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மனிதர் என்கிறீர்கள். நல்ல மனிதரிடம்தான் எழுத்தில் வாங்குவது சுலபம்.

வக்கீல்_குமாஸ்தா

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் போட்டுவைக்கிறேன். தமிழ்நாட்டில் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது கிடையாது. 2017-இல் கொண்டுவந்த புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. காலி செய்து வீட்டை ஒப்படைத்தபின் ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கி ஏதாவது இருந்தால் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும்.

டோல்கேட்_தம்பி

சார், மூன்று மாதமா? தேரடியில் போய் "சட்டப்படி மூணு மாசம்தான்" என்று சொல்லிப் பாருங்கள், டு-லெட் போர்டை உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள்.

வக்கீல்_குமாஸ்தா

அதனால்தான் "வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால்" என்பதையும் சேர்த்து எழுதினேன் தம்பி. பத்து மாதம் என்று நீங்களே கையெழுத்துப் போட்டால் அதுதான் கணக்கு. நுழையும்போது சட்டம் பேசி வீடு கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். வெளியே வரும்போது பயன்படும். ஒரு மாதம் தாண்டியும் தரவில்லை என்றால் கேட்க ஓர் இடம் இருக்கிறது.

வண்ணைவாசி

கணக்குப்பிள்ளை சார், அடுத்த வாடகைதாரர் வரமாட்டார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கணவர் நேற்று போய்ப் பேசினார். பில்டரிடம் இருந்து அடுத்த மாதம்தான் பணம் வருமாம். ஆனாலும் 80,000-இல் 40,000 இந்த வாரமே தருகிறேன் என்று சொல்லிவிட்டார். வெள்ளையடிப்பைப் பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டாராம். புது வீட்டில் 1,40,000 கேட்கிறார்கள். மிச்சத்துக்கு என் சீட்டுப் பணம் இருக்கிறது.

இப்போது ஆடிப் பிரச்சினை. எல்லாவற்றையும் அவசர அவசரமாகக் கட்ட வேண்டியிருக்கிறது.

எண்ணூர்க்காரி

சகோதரி, இதற்கு நம் பெரியவர்களே வழி வைத்திருக்கிறார்கள். ஆனி முடிவதற்குள் ஒரு நல்ல நாளில் பால் காய்ச்சிவிடுங்கள். விளக்கு, சாமி படம், உப்பு, மஞ்சள், அரிசி, ஒரு குடம் தண்ணீர் எல்லாம் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஓர் இரவு படுத்து எழுந்துவிட்டால் வீடு மாறியதாகத்தான் கணக்கு. சாமானை ஆடியில் நிதானமாக ஏற்றலாம், அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். உங்கள் மாமியாரிடமே கேளுங்கள், "ஆமாம், அப்படிச் செய்யலாம்" என்பார். ஆடியில் யாரும் வீடு மாறுவதில்லை, அதனால் வண்டிக்காரர்களும் லோடுமேன்களும் சும்மா இருப்பார்கள், கூலியும் இறங்கி வரும்.

அதைவிடப் பெரிய லாபம், இரண்டு வீட்டுச் சாவியும் சில நாள் உங்கள் கையில் இருக்கும். காலி வீட்டில்தான் குறைகள் கண்ணில் படும். பால் காய்ச்சிய அன்று இரவு அங்கே தங்கும்போது எல்லாக் குழாயையும் திறந்து பாருங்கள். மெட்ரோ வாட்டர் எத்தனை மணிக்கு வருகிறது, சம்ப்பில் விழுகிறதா, தெருப் பம்பில்தான் அடிக்க வேண்டுமா என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். கடலுக்குப் பக்கம், போர் தண்ணீர் உப்பாகவோ மஞ்சளாகவோ இருக்கலாம். ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் பிடித்து ராத்திரி முழுக்க வைத்துப் பாருங்கள். காலையில் அடியில் காவி நிறத்தில் படிந்திருந்தால் வாஷிங் மெஷினை அந்தக் குழாயில் மாட்டாதீர்கள்.

உங்களுடையது முதல் மாடி, பரவாயில்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வியாசர்பாடி, பட்டாளம், கொருக்குப்பேட்டை, எர்ணாவூர் என்று எங்கே தரைத்தள வீடு பார்த்தாலும் சுவரில் தண்ணீர்க் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். புது பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள். இ.பி. பெட்டிக்குக் கீழே, மாடிப்படிக்கு அடியில், பாத்ரூம் கதவின் பின்பக்கம் பெயின்ட் அடித்திருக்க மாட்டார்கள், அங்கே தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. அந்தக் கறை எத்தனை பெயின்ட் அடித்தாலும் மேலே வந்துவிடும்.

நாள்_பார்க்காதவன்

ஆடி, மார்கழி என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். பால் காய்ச்சினால் தண்ணீர் நன்றாக வருமா? சாவி கிடைத்த மறுநாளே போக வேண்டியதுதானே? இரண்டு வீட்டுக்கும் வாடகை கொடுக்க யாரால் முடியும்?

எண்ணூர்க்காரி

தம்பி, உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்றால் விட்டுவிடுங்கள். அவர் வீட்டில் மாமியார் இருக்கிறார். நாள் பார்க்காமல் போய், பிறகு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் "அன்னைக்கே சொன்னேன்" என்று வருஷம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பேச்சை மிச்சம் பிடிக்கக் கொஞ்ச நாள் வாடகை பெரிய செலவில்லை. மேலும் புது வீட்டுக்காரரிடம் "பால் மட்டும் காய்ச்சிக்கொள்கிறோம், வாடகை ஒன்றாம் தேதியில் இருந்து" என்று கேட்டால் பலர் சரி என்றுதான் சொல்கிறார்கள். ஆடியில் அவருக்கு வேறு யார் வரப்போகிறார்கள்?

கணக்குப்பிள்ளை

நாள்_பார்க்காதவன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆடியில் புதிதாக வீடு தேடுகிறவருக்கு நல்ல பேரம் படியும். போர்டு தொங்கிக்கொண்டே இருக்கும், வீட்டுக்காரர் இறங்கி வருவார். இவர் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டதால் இவருக்கு அது உதவாது.

ஃப்ரிட்ஜ்_டாக்டர்

சர்வீஸ் வேலை பார்க்கிறேன். ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் எங்களுக்கு வரும் போன்களில் நிறைய வீடு மாறியவர்களுடையது. ஃப்ரிட்ஜை முந்தின நாள் இரவே நிறுத்தி, காலி செய்து, கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். ஐஸ் உருகி வரும் தண்ணீரைத் துடைத்துவிடுங்கள். பின்னால் அடியில் ஒரு தட்டு இருக்கும், அதிலும் தண்ணீர் நிற்கும். பலருக்கு அந்தத் தட்டு இருப்பதே தெரியாது. வண்டியில் சாய்க்கும்போது அது கொட்டி, ஃப்ரிட்ஜ் லீக் ஆகிறது என்று பயந்துவிடுவார்கள். நிற்க வைத்தே கொண்டுபோங்கள். இறக்கி வைத்ததும் ஸ்விட்ச் போடாதீர்கள், சில மணி நேரம் அப்படியே நிற்கட்டும். வழியில் படுக்க வைத்திருந்தால் இன்னும் அதிக நேரம் விட வேண்டும். கம்ப்ரஸருக்குள் இருக்கும் ஆயில் குழாய்க்குள் போயிருக்கும், அது திரும்பி இறங்க வேண்டும்.

முன்பக்கம் கதவு இருக்கிற வாஷிங் மெஷின் என்றால் வாங்கியபோது பின்பக்கம் இருந்து கழற்றிய நீளமான போல்ட்டுகள் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். அதை மாட்டித்தான் தூக்க வேண்டும், டிரம் ஆடக் கூடாது. ஏ.சி. இருந்தால் மெக்கானிக் வந்து கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டிய பிறகுதான் கழற்ற வேண்டும். லோடுமேனிடம் ஸ்பேனர் கொடுத்துக் கழற்றச் சொல்லாதீர்கள். இன்வெர்ட்டர் பேட்டரி நேராகவே இருக்க வேண்டும், ஆசிட் இருக்கிறது.

கடற்கரைக்குப் பக்கம் போகிறீர்கள். ஃப்ரிட்ஜ், மெஷின் எல்லாவற்றுக்கும் அடியில் ஸ்டாண்டு வாங்கிவிடுங்கள். உப்புக்காற்றுக்கு இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். ஈரத்தரையில் வைத்தால் அதைவிடச் சீக்கிரம்.

லோடு_அண்ணன்

கிரைண்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார். குழவியையும் கல்லையும் தனித்தனியாக எடுத்துவிட வேண்டும். அப்படியே தூக்கினால் குழவி ஆடி உள்ளே இடிக்கும், இல்லாவிட்டால் எவன் காலிலாவது விழும்.

சலவைத்துறை_பேரன்

கட்டுவதற்கு முன்னால் கழிப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. காயலான் கடைக்காரரை வீட்டுக்கே கூப்பிட்டு, கட்டும் வேலை தொடங்குவதற்கு முன்பே ஒரு சுற்று அனுப்பிவிடுங்கள். பழைய அலுமினிய அடுக்கு, கைப்பிடி போன குக்கர், ஓடாத மிக்ஸி, பிள்ளைகளின் பழைய நோட்டு. எடை போட்டுக் காசும் தருவார்.

ஆனால் அக்கா, மாமியாருடைய பொருள் எதையும் அவரைக் கேட்காமல் போட்டுவிடாதீர்கள். எங்கள் பாட்டியின் பித்தளை அண்டாவை "யாரு இதுல தண்ணி பிடிக்கப்போறாங்க" என்று அப்பா எடைக்குப் போட்டார். ஒரு மாதம் பாட்டி அப்பாவோடு பேசவில்லை.

மளிகைக் கடை அண்ணாச்சியிடம் சொல்லிவைத்தால் அட்டைப்பெட்டி சேர்த்துத் தருவார். சோப்புப் பெட்டியும் பிஸ்கட் பெட்டியும்தான் நல்லது. டிவி வந்த பெரிய பெட்டியில் புத்தகத்தை நிரப்பினால் அடி கழன்று படியிலேயே கொட்டும். புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி, தலையணைக்குப் பெரிய பெட்டி. பெட்டியின் மேலே எழுதாதீர்கள், பக்கவாட்டில் எழுதுங்கள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிவிட்டால் மேலே எழுதியது தெரியாது. "சமையல்" என்று மட்டும் எழுதினால் போதாது, "சமையல், முதல் நாள்" என்று ஒரு பெட்டி வேண்டும்: டீத்தூள், சர்க்கரை, பால் பாத்திரம், லைட்டர், நாலு தட்டு, கத்தி. அது கடைசியாக ஏறி முதலில் இறங்க வேண்டும்.

பெரம்பூர்_மாமி

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மாமியாரைச் சாமான் ஏற்றும் இடத்தில் உட்கார வைக்காதீர்கள். தூசி, சத்தம், "அதைப் பார்த்து, இதைப் பார்த்து" என்று அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். காலையிலேயே ஆட்டோவில் புது வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவருடைய நாற்காலி, மாத்திரை டப்பா, ஒரு ஃபேன் அங்கே முந்தின நாளே போயிருக்கட்டும். சாமான் வந்து இறங்கும்போது எது எந்த அறை என்று அவர் சொல்லட்டும். அதிகாரமும் அவர் கையில் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர்களும் பழக்கமாகிவிடுவார்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் மருந்தை ஐஸ் பையில் வைத்து அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், ஃப்ரிட்ஜோடு வண்டியில் ஏற்ற வேண்டாம். ஐஸ்கட்டியில் நேராகப் படவும் கூடாது.

நகை, பத்திரம், சர்டிஃபிகேட் எல்லாம் உங்கள் தோளில் மாட்டிய பையில். அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வண்ணைவாசி

மாமிக்கு நன்றி. மாமியாரிடம் படித்துக் காட்டினேன். "யாரோ விவரம் தெரிஞ்சவங்க எழுதியிருக்காங்க" என்றார்.

பிள்ளைகளுக்குப் பள்ளி இங்கேயேதான், இந்த வருஷம் மாற்றவில்லை. தேரடி மெட்ரோவில் ஏறினால் தியாகராயா கல்லூரி ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம் என்பதால்தான் அந்த வீட்டையே பார்த்தோம்.

அட்ரஸ் மாற்றும் வேலைகளில் எதை முதலில் செய்வது?

வக்கீல்_குமாஸ்தா

வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்ததும் ஆதார். அது மாறிவிட்டால் மற்றதெல்லாம் வரிசையாக வந்துவிடும். ரேஷன் கார்டுக்கு உணவுப்பொருள் வழங்கல் துறை இணையதளத்திலேயே முகவரி மாற்றம் விண்ணப்பிக்கலாம். வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8. உங்களுக்குத் தொகுதியும் மாறுகிறது, அதற்கும் இதே படிவம்தான். கேஸ், சென்னைக்குள்ளேயே என்பதால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் திருப்பிக் கொடுக்க வேண்டாம். ஏஜென்சி மாற்றம் மட்டும் கேளுங்கள். வெளியூர் என்றால்தான் ஒப்படைத்துவிட்டு, டெபாசிட் வாங்கி, சீட்டு எடுத்துப் போக வேண்டும். கேபிள் செட்டாப் பாக்ஸ் ஆபரேட்டருடையது, மறந்து எடுத்துப்போய்விடாதீர்கள். தெரு ஆபரேட்டர் விடமாட்டார்.

மணலி_எக்ஸ்பிரஸ்

சாமான் வாங்கும் ஆப்களில் பழைய அட்ரஸை உடனே அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் இடித்துக்கொண்டிருக்கிற வீட்டு வாசலில் உங்கள் பார்சலோடு ஒரு பையன் நிற்பான்.

கணக்குப்பிள்ளை

இ.பி. பற்றி நான் சொல்லியாக வேண்டும். சாவி வாங்குகிற அன்றே மீட்டரைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் எடுப்பார்கள். முதல் பில்லில் உங்களுக்கு முன்னால் இருந்தவர் ஓட்டியதும், காலி வீட்டில் பெயின்டர் ஓட்டியதும் சேர்ந்தே வரும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கணக்கே வேறு, ரேட் ஏறிவிடும். நீங்கள் 200 யூனிட் ஓட்டியிருந்தாலும் அவருடைய யூனிட்டோடு சேர்ந்து மேல் ரேட்டில் கட்ட நேரும். ஆகவே முதல் பில்லை யூனிட் விகிதத்தில் பிரிப்பதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நூறு யூனிட் இலவசம் யாருக்கு என்ற சண்டையும் வராது. தனி மீட்டரா, வீட்டுக்காரர் வைத்த சப்-மீட்டரா என்பதையும் பாருங்கள். சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு அவர் ஒரு ரேட் சொல்வார், அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

தேரடித்_தெரு

நான் அங்கேயே குடியிருக்கிறேன். வரவேற்கிறேன். எங்கள் பக்கம் ஒன்று கவனிக்க வேண்டும்: கோயில் விசேஷ நாட்களில் வண்டி உள்ளே வராது. மாசிப் பிரம்மோற்சவம், கார்த்திகைப் பௌர்ணமியில் சாமிக்குக் கவசம் திறக்கும் மூன்று நாள், இதெல்லாம் உங்கள் தேதியில் இல்லை. ஆனால் ஆடி வெள்ளிக்கிழமைகளில் வடிவுடையம்மனுக்குக் கூட்டம் வரும். பௌர்ணமியையும் விட்டுவிடுங்கள். செவ்வாய், வெள்ளி வேண்டாம் என்று உங்கள் மாமியாரே சொல்லியிருப்பார். புதனோ வியாழனோ வாருங்கள். எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் கன்டெய்னர் லாரி நிற்கும், டிரைவரிடம் டி.எச். ரோட்டிலேயே (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) வரச் சொல்லுங்கள்.

வண்ணைவாசி

சரி, இப்படி முடிவு செய்திருக்கிறோம். ஆனி கடைசி வாரம் புதன்கிழமை பால் காய்ச்சுகிறோம். அன்று காலை ஏழரை முதல் ஒன்பது எமகண்டம், அது தொடங்குவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று மாமியார் ஏற்கெனவே காலண்டரில் வட்டம் போட்டுவிட்டார். சாமான் ஆடி இரண்டாவது வாரம், வியாழக்கிழமை. வீட்டுக்காரர் 40,000 கொடுத்துவிட்டார், மிச்சத்துக்குத் தேதி எழுதியும் வாங்கிவிட்டோம். பேக்கர்ஸ் ஆள் நேரில் வந்து சந்தைப் பார்த்துவிட்டு, சொல்லிய தொகையை ஒன்றரை மடங்காக்கினார். ஆகவே தெரு மீன்பாடி அண்ணனும் குட்டி யானையும்தான்.

ஒரே ஒரு சந்தேகம். கட்டில் தேக்கு, கணவரின் தாத்தா காலத்தது. கழற்றலாமா? ஆசாரி யாராவது வேண்டுமா?

லோடு_அண்ணன்

பழைய தேக்குக் கட்டிலில் பெரும்பாலும் ஆணி இருக்காது, ஆப்பு அடித்திருப்பார்கள். சட்டம் சேரும் இடத்தில் பாருங்கள், சின்ன மரத்துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் என்றால் ஆசாரி வேண்டாம். மரச்சுத்தியலால் அடியில் இருந்து மேலே தட்டினால் வந்துவிடும். இரும்புச் சுத்தி வேண்டாம், மரம் பிளக்கும். கழற்றுவதற்கு முன்னால் நாலு மூலையிலும் சாக்பீஸால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கால், சட்டம் இரண்டிலும் எண் போடுங்கள். ஒரு காலை இன்னொரு மூலையில் மாட்டினால் சேராது. ஆப்புகளை ஒரு துணியில் முடிந்து, கட்டில் சட்டத்திலேயே கட்டிவிடுங்கள்.

வியாழக்கிழமை எத்தனை மணிக்கு என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். பள்ளிக்கூட நேரம் தாண்டி ஒன்பதரைக்கு மேல் ஆரம்பித்தால் சந்தில் இடைஞ்சல் இருக்காது.

டோல்கேட்_தம்பி

அண்ணே, அந்த மீன்பாடி அண்ணன் வியாழக்கிழமை காலையில் காசிமேடு போகாமல் இருப்பாரா என்று கேட்டீர்களா?

வண்ணைவாசி

கேட்டாச்சு தம்பி. அன்றைக்கு லீவு போடுகிறாராம். வண்டியைப் பினாயில் ஊற்றிக் கழுவித் தருவதற்குத் தனியாக டீக்காசு கேட்டிருக்கிறார்.